கைப்பிடி அரிசி: ஆச்சி ஊருக்கு நான்கு நாள்

முதல் நாள் – பாளையங்கோட்டை

ஆச்சி போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. கல்லறையில் இன்னும் வெறும் மண்தான், தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை. வருகிற மாதம் முதலாண்டு நினைவு ஆராதனைக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்லிவிட்டாராம். மாமா எழுதி அனுப்பியிருந்த வாசகம் இது: "குடும்பத்திற்கும் திருச்சபைக்கும் சமுதாயத்திற்கும் தன்னையே அர்ப்பணித்து வாழ்ந்த எங்கள் அன்புத் தாயார்."

அம்மா அதைப் படித்துவிட்டு, "இது எல்லாக் கல்லுலயும் இருக்கு. நம்ம அம்மா எங்க இருக்கா இதுல?" என்றாள். மாமாவுக்குக் கோபம். "அப்ப உன் மகதான் பெரிய எழுத்தாளர்லா, அவளையே எழுதச் சொல்லு. காசு நான் குடுக்கேன்" என்று போனை வைத்துவிட்டார். அப்படித்தான் இந்தப் பயணம் வாய்த்தது. ஊரில் கோவில் பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனம் என்கிற ஊர்ப் பொது விருந்தும் இந்த வாரம்தான். வாசகத்தை முடித்துக்கொண்டு, அசனமும் சாப்பிட்டுத் திரும்புவதாகத் திட்டம். எங்கள் பக்கத்தில் சர்ச் என்று யாரும் சொல்ல மாட்டோம், கோவில்தான்.

காலையில் நெல்லையில் இறங்கி நேரே பாளையங்கோட்டை. ஆச்சி சொந்த ஊரை விட்டு வந்து வாழ்ந்த ஒரே ஊர் இதுதான். 1936இல் பிறந்தவள், ஐம்பதுகளின் நடுவில் ஆசிரியைப் பயிற்சிக்காக இங்கே வந்து சாராள் தக்கர் போர்டிங்கில் இருந்தாள். சாராள் தக்கர் என்ற அந்த இங்கிலாந்துப் பெண்மணி இந்தியாவையே பார்த்ததில்லை. அவருடைய சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் மிஷனெரியாக இருந்தார். அந்தத் தொடர்பில் இந்த நாட்டுப் பெண்பிள்ளைகளின் படிப்பு பற்றி அவருக்கு ஓர் அக்கறை. அவர் இறந்த பிறகு அவர் நினைவாக எழுந்த பள்ளிதான் பிறகு கல்லூரிவரை வளர்ந்தது. ஆச்சிக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். "கண்ணால காணாத பிள்ளையளுக்குச் செஞ்சிருக்கா பாரு" என்பாள். எங்களைக் கண்ணால் கண்டதால்தானோ என்னவோ, எங்களுக்கு அவளிடமிருந்து கிடைத்தது பெரும்பாலும் காதுத் திருகல்.

போர்டிங் அவளுக்குள் கடைசிவரை குடியிருந்தது. போர்வையை மூலை மடித்துத்தான் வைப்பாள். தட்டைக் கழுவிக் கவிழ்க்காமல் எழுந்தால் பேரன் பேத்தி என்றும் பார்க்க மாட்டாள். சனிக்கிழமைகளில் போர்டிங் பிள்ளைகள் சிலரோடு செவித்திறன் குறைந்தோர் பள்ளிக்குப் போய்வருவாளாம். ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனெரி அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி அது. அங்கே கற்றுக்கொண்ட கைச்சாடைகளை ஆச்சி எங்கள் மேல் பிரயோகித்தாள். பிரசங்க நேரத்தில் நாங்கள் சிரித்தால் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு கை எழும்பும், இரண்டு விரல் அசையும். என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் அடங்கிவிடுவோம்.

மாலையில் குளோரிந்தா கட்டிய கோவிலுக்குப் போனோம். பாப்பாத்தியம்மாள் கோவில் என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தி பிராமண விதவை. கணவனின் சிதையில் ஏற இருந்தவரை ஓர் ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றி அழைத்துவந்ததாக வரலாறு. 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் (எங்கள் பக்கத்தில் ஐயர் என்றால் சபைப் போதகர்) ஞானஸ்நானம் பெற்றார், 1785இல் இந்தச் சின்னக் கோவிலைக் கட்டினார், கிணறும் வெட்டினார். அதற்கு முன்பே, 1780இல், பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேடு எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் நாற்பது பெயர்கள். திருநெல்வேலிச் சீமையின் சபை வரலாறு அந்த நாற்பது பெயரில்தான் தொடங்குகிறது.

ஆச்சிக்குப் பெயர் எழுதுவதில் அப்படி ஒரு பக்தி. கல்யாண மொய் நோட்டிலிருந்து கோவில் விளக்கு எண்ணெய்க் கணக்குவரை எல்லாம் அவள் கையெழுத்துதான். "பேரு எழுதாத காரியம் காத்துல போயிரும்" என்று அடிக்கடி சொல்வாள். இப்போது அவள் கல்லில் எழுத மட்டும் எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை.

இரண்டாம் நாள் – டோனாவூர்

இன்று வாடகைக் காரில் டோனாவூர். அம்மாவின் ஆசை. களக்காட்டுப் பக்கம், மேற்கு மலையின் அடிவாரம். மலையில் மேகம் இறங்கி நின்றது. ஆடிக் காற்று காரின் கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. ஊர்ப் பெயரில் இருக்கும் டோனா, ஜெர்மன் பிரபு ஒருவரின் பெயர். மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் அந்தப் பிரபு கொடுத்த பணத்தில் உண்டான ஊர். எங்கள் மாவட்டங்களில் ஊர்ப் பெயரை வைத்தே பாதி வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1901இல் இங்கே வந்தார். அதே வருடம் இந்துக் கோவிலுக்கு நேர்ந்துவிட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் ஓடிவந்தாள். ஒன்று இரண்டாகி, இரண்டு நூறாகி, அவர் அம்மாவாகிவிட்டார். அயர்லாந்திலிருந்து வந்தவர், பிறகு ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 1931இல் விழுந்து அடிபட்டதிலிருந்து கடைசிவரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். 1951 ஜனவரி 18 அன்று இறந்தார். அப்போது ஆச்சிக்கு வயது பதினாலோ பதினைந்தோ. "டோனாவூர் அம்மா போயிட்டாவ" என்று ஊர் கோவிலில் மணி அடித்ததும், தன் தாயார் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றதும் அவளுக்குக் கடைசிவரை நினைவிருந்தது.

அங்கே முன்பு நர்ஸாக வேலை பார்த்த, எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருத்தர் எங்களை அழைத்துப்போனார். கல்லறைத் தோட்டம் என்று சொன்னால் நம்ப முடியாது, மரமும் நிழலுமாக இருந்தது. தனக்குக் கல் வைக்கக் கூடாது என்று ஏமி அம்மையார் முன்பே சொல்லிவிட்டாராம். பிள்ளைகளுக்கு மனம் கேட்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அதில் ஒரே ஒரு சொல்: அம்மா.

என் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம் விரல் விட்டு எண்ணினாள். "மூணு எழுத்து. உங்க மாமாட்ட சொல்லு, செலவு கொறையும்."

பெரியம்மா சிரித்துவிட்டார். நானும்தான். ஆனால் காரில் திரும்பும்போது, இதை நாம் காப்பி அடிக்க முடியாது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஏமி அம்மையார் யார் என்று உலகத்துக்குத் தெரியும், அதனால் ஒரு சொல் போதும். எங்கள் ஆச்சியைச் சுற்றுவட்டாரத்தில் நாலு ஊருக்கு மேல் தெரியாது. எழுதாமல் விட்டால் காற்றில் போய்விடும்.

இரவு பாளையங்கோட்டையில் தங்கல். இடையன்குடிக்கும் போய் கால்டுவெல் கட்டிய கோவிலைப் பார்ப்பதாக இருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் – ஊர்

காலை திருச்செந்தூர் பாசஞ்சர். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போவது சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு சுகம். நம்மாழ்வார் பிறந்த ஊருக்கு அடுத்து நாசரேத் வருவது வேறு எந்த ரயில் பாதையில் நடக்கும்?

ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றபோது அம்மா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். 2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் இந்த நிலையத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையெல்லாம் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. 800 பேர் அளவில் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீடுகளையும் தண்ணீர் சூழ்ந்திருக்க, அத்தனை பேருக்கும் சோறாக்கிப் போட்டார்கள்.

அந்த இரண்டு நாளும் எங்கள் ஊரில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. மூன்றாம் நாள் மாமா இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தபோது, ஆச்சி கோவில் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். வயது 87. பக்கத்தில் கைப்பிடி அரிசி மூட்டை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகள் மூன்று கல் கூட்டி அண்டா ஏற்றியிருந்தார்கள். மாமா பதறிப்போய் "நீ ஏம்மா இங்க இருக்க?" என்று கேட்டதற்கு, "கணக்கு யாரு எழுதுவா?" என்றாளாம்.

கைப்பிடி அரிசி தெரியாதவர்களுக்காக: உலை வைக்க அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவிட வேண்டும். வேளை தவறாமல், வீட்டில் எவ்வளவு இருந்தாலும், எவ்வளவு குறைந்தாலும். வாரக் கடைசியில் சங்கத்துப் பெண் பையோடு வருவாள், பானையைக் கவிழ்ப்பார்கள். அதை விற்றுக் கோவிலுக்கோ ஊழியத்துக்கோ கொடுப்பார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுக் காசு வாங்காமல் நம் ஆட்களே நம் ஆட்களை அனுப்ப வேண்டும் என்பதுதான் பேச்சு. அதை முன்னின்று தொடங்கிய அசரியா, எங்களுக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் பெயரில் கட்டடங்கள் இருக்கின்றன. அந்தக் காசு எத்தனை கைப்பிடியாகச் சேர்ந்தது என்பதற்கு ஒரு கல்லும் கிடையாது.

நாசரேத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். இது மர்காஷிஸ் ஐயர் ஊர். 1876இல் அவர் வந்ததும் தாது வருஷப் பஞ்சம் வந்ததும் ஒன்றாக நடந்தது. அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி, கைத்தொழில் பள்ளி, மருத்துவம் என்று 1908இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். நாசரேத் தாண்டியதும் மண் சிவக்கத் தொடங்கும். பனை, முருங்கை, மறுபடி பனை. தூரத்தில் மெஞ்ஞானபுரம் கோவில் கோபுரம், 192 அடி, இந்தக் காட்டில் எங்கிருந்து பார்த்தாலும் அது நம்மைப் பார்க்கும். நடுவில், பதநீர் காய்ச்சுகிற ஒரு விடிலிக் குடிசை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அம்மா பதநீர் வாங்கிக் கொடுத்தாள். சீசன் முடியப் போகிறது, லேசாகப் புளிப்பேறியிருந்தது. ஆச்சியாக இருந்தால், "சுண்ணாம்பு பத்தல" என்று அவர்களுக்கு வகுப்பு எடுத்திருப்பாள்.

வீட்டைத் திறந்ததும் கருப்பட்டியும் பழைய காகிதமும் கலந்த அதே வாசனை. மாலைக்குள் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தோம். உள்ளே இருந்தவை: வெள்ளைச் சேலை நாலு, பென்ஷன் புத்தகம், அறிவொளி இயக்கத்துப் பாடப் புத்தகங்கள், மூக்குக்கண்ணாடி மூன்று, நாற்பதுக்கும் மேலே நீள நோட்டுகள். தொண்ணூறுகளில் அறிவொளி வந்தபோது ஆச்சி ராத்திரியில் லாந்தர் வைத்து ஓலைப் பெட்டி முடைகிற பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய முதல் மாணவி அவளை விட ஆறு வயது மூத்தவள்.

நோட்டுகள் எல்லாம் கைப்பிடி அரிசிக் கணக்கு. பழையது 1961. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு பக்கம். வீட்டுக்காரியின் பெயர், எதிரே உழக்கு, அரைப்படி, படி. "வீட்டுக்காரர்" பெயர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பெண்கள் பெயர். வேறு எந்தப் பதிவேட்டில் இந்தப் பெயர்கள் இப்படி வரிசையாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி. சில வாரம் ரெண்டு பேருக்கு, சில வாரம் ஏழெட்டுப் பேருக்கு. மழைக்காலத்தில் கூடுகிறது, பதநீர்க் காலத்தில் குறைகிறது. "பாக்கி வச்சவங்களா இருக்கும்" என்றாள் அம்மா. ஆனால் புள்ளி வைத்த பெயருக்கு எதிரேயும் உழக்கு, உழக்கு என்று வரவு எழுதியிருக்கிறதே?

சாயங்காலம் கல்லறைத் தோட்டம் போனோம். காற்றில் மண்மேடு கொஞ்சம் கரைந்திருந்தது. சுற்றி இருந்த கற்களில் மாமாவின் வாசகத்தை நான் மட்டும் ஐந்து இடத்தில் பார்த்தேன்.

இப்போது இரவு பதினொன்று. கோவில் பின்னால் அசன வேலை நடக்கிறது. வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் வந்தேன். கண் எரிகிறது.

நான்காம் நாள் – அசனம்

விடியற்காலை நாலு மணிக்கே ஆடு வெட்டி முடிந்துவிட்டது. எட்டு மணிக்கு ஆராதனை, திருவிருந்து. பிரசங்கம் நீளம். ஆச்சி வழக்கமாக மூன்றாம் தலைப்பில் தூங்கிவிடுவாள், முடிவு ஜெபத்துக்குச் சரியாக விழிப்பாள். அவள் உட்காரும் தூண் ஓரத்தில் இன்று யாரும் உட்காரவில்லை. வேண்டுமென்றே விட்டார்களா, தற்செயலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அசனம் என்றால் வெறும் விருந்து இல்லை. ஊர் முழுக்க ஒரே உலையில் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிடுவது. வீட்டுக்கு வீடு அரிசி, காசு, நேர்ந்துவிட்ட ஆடு. அவித்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் கொட்டி, கடகப்பெட்டியில் வாரி வாரிக் கொண்டுபோவார்கள். அடுத்த ஊர் ஆட்களும், அம்மன் கோவில் தெருக்காரர்களும், பள்ளிவாசல் தெருக்காரர்களும் வருவார்கள். ஆட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பார்.

ஒரே பந்தி என்று எழுதிவிட்டேன். அது தானாக நடந்ததில்லை. அம்மா சிறுமியாக இருந்தபோது, ஊரின் தெற்குக் கோடியில் இருந்த சில குடும்பங்களைக் கடைசிப் பந்தியில் உட்காரவைப்பதுதான் வழக்கம். வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் ஆச்சி தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை, எல்லாத் தெருப் பிள்ளைகளையும், வகுப்பு வரிசைப்படி கோர்த்துக் கூட்டிவந்து முதல் பந்தியில் உட்காரவைத்தாள். டீச்சரை யார் கேட்பது? தாத்தாவிடம் போய்ச் சொன்னார்கள். தாத்தா, "நான் கேட்டா எனக்கு ராத்திரிச் சோறு இல்ல" என்று கையை விரித்துவிட்டார். அடுத்த வருடமும் அதேபோல் செய்தாள். மூன்றாம் வருடம் அது வழக்கமாகிவிட்டது. எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு வந்தால் தெற்குக் கோடி இன்னும் தெற்குக் கோடிதான். சபைத் தேர்தல் வந்தாலும் ஊர் இரண்டாகும், ஆச்சி அந்த ரெண்டு நாளும் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். பந்தி மட்டும் மாறியது.

நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். இலையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"நீ டீச்சர் பேத்திதானே? சாடை அப்படியே இருக்கு. எப்ப வந்திய?"

சொன்னேன். பேச்சு நோட்டுக்குப் போனது. பெட்டியில் பார்த்ததை, புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். அவள் கை சோற்றில் நின்றது.

"எங்க அம்மா பேரு இருக்கா பாரு. புள்ளி இருக்கும்."

பந்தி முடிந்து, கை கழுவி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னாள். அவளுடைய அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்தபோது அவளுக்கு எட்டு வயது, கீழே ரெண்டு தம்பிகள். அம்மா ஓலை முடைந்தாள். சில வாரம் அடுப்பே எரியாது. ஆனால் சனிக்கிழமை டீச்சர் பையோடு வந்துவிடுவாள், ஒரு வாரம் தப்பாமல்.

"எல்லா வீட்டுக்கும் வர்ற மாதிரிதான் வருவாவ. நேரா அடுப்பங்கரைக்குப் போவாவ. அங்ஙன எங்க அரிசிப் பானைல ரெண்டு படியக் கொட்டுவாவ. வெளிய வந்து, நடைல நின்னு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கிற மாதிரி, 'ஒரு உழக்கு'ன்னு சொல்லி நோட்டுல எழுதுவாவ. பைல போறது அவிய வீட்டு அரிசி. பேரு எங்க அம்மா பேரு. எங்க வீடும் குடுத்த வீடுதான் ஊருக்கு. எங்க அம்மா கோவிலுக்குத் தலை நிமிந்து போவா."

எத்தனை வருஷம் என்று கேட்டேன். தம்பி பேக்டரி வேலைக்குப் போகும்வரை என்றாள்.

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவள் முகத்தில் பெருமை இல்லை. வேறு ஏதோ. வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னாள்:

"சனிக்கிழமை ராத்திரின்னா எங்களுக்குக் கஞ்சிதான். ஞாயித்துக்கிழமை கோவிலுக்குப் போகணும், வயிறு லேசா இருக்கணும்னு சொல்லுவா. ரெண்டு பேரு சம்பளம் வாங்குத வீட்ல எதுக்குக் கஞ்சின்னு நான் தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கேன் ஒருநா. என்னைய அடிக்கல. தட்ட எடுத்துக் கழுவிக் கவுத்துனா." கொஞ்சம் நடந்துவிட்டு, "எங்கட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்" என்றாள். இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டு, "சொல்லிருந்தா நான் ஊரெல்லாம் சொல்லிருப்பேன்" என்றாள்.

பெட்டியைத் திறந்து 1978இன் நோட்டை எடுத்தோம். அந்த அக்காவின் அம்மா பெயர் இருந்தது. புள்ளி இருந்தது. கூட ஏழு பெயர்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் இன்று பண்டிகைக்குக் கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மா நோட்டை மூடிப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்தாள். "மாமாட்ட?" என்றேன். "அவனுக்கு வாய் நிக்காது" என்றாள்.

மூன்று மணிக்கு ஏலம். காணிக்கையாக வந்த தேங்காய், வாழைத்தார், சேவல், கருப்பட்டிச் சிப்பம், ஒற்றை முட்டை. பொருளின் விலைக்கும் ஏலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. துபாய்க்காரர்கள் இரண்டு பேர் ஒரு முட்டையை நாலாயிரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆச்சி எப்போதும் ஒரே ஒரு பொருளுக்குத்தான் கேட்பாள், அதுவும் யாரும் கேட்காத பொருள். நசுங்கின பப்பாளி, கொத்தவரங்காய்க் கட்டு. கொடுத்தவன் முகம் வாடக் கூடாதாம்.

கடைசியில் ஒரு பூசணிக்காய் வந்தது. ஒரு பக்கம் மண்ணில் கிடந்து வெளிறியிருந்தது. ஐம்பது என்றார்கள், அப்படியே நின்றது. நான் நூறு என்றேன். அம்மா என் பின்னாலிருந்து இருநூறு என்றாள். எனக்கு எதிராகவே கேட்கிறாள். கூட்டம் சிரித்தது. ஐந்நூற்றில் எனக்கு முடிந்தது.

ஏலம் விட்டவர் பேனாவைத் திறந்துகொண்டு, "டீச்சர் பேருலயே எழுதிரட்டா?" என்று கேட்டார்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் வேப்பமரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அக்காவின் அம்மா பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை, "அது யாரு?" என்று கேட்டு இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதினார்.

ராத்திரி நாசரேத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். மாமா வழியனுப்ப வந்தார். "வாசகம் என்னாச்சு?" என்றார். அம்மா, "பேரு, ரெண்டு வருஷம், ஆசிரியை. அவ்வளவு போதும்" என்றாள். "சபை, சமுதாயம் ஒண்ணும் வேண்டாமா? ஊரு என்ன நெனைக்கும்?" என்று மாமா பிளாட்பாரத்தில் நின்றே சண்டை போட்டார். வண்டி நகர்ந்துவிட்டது. இந்த விவகாரம் இன்னும் முடியவில்லை, நாளை காலை போன் வரும்.

பூசணிக்காய் எட்டுக் கிலோ இருக்கும். சீட்டுக்கு அடியில் வைத்தால் உருள்கிறது. ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது அம்மா அதைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.